செகண்ட் ஹேண்ட் சின்னக் கார்: பழுதுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு

பழைய கார் பார்க்கப் போகும்போது கூட வருகிற அனுபவசாலி என்னவெல்லாம் செய்வார் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பானட்டைத் திறப்பார். ஆயில் மூடியைக் கழற்றி, உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் போய் நின்று புகையின் நிறத்தைக் கவனிப்பார். கதவை விரலால் தட்டிப் பார்ப்பார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து "இஞ்சின் நல்லா இருக்கு, எடுக்கலாம்" என்பார். விற்பவர் தன் பங்குக்கு "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்பார்.

இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. நாம் பார்க்கும் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பிறந்த வருஷம் இருக்கிறது. முன்சக்கர அச்சில் கேட்கும் கடகட சத்தம் 1983-க்கு முன்பு இங்கே பெரும்பாலான மெக்கானிக்குகளுக்குப் பழக்கமே இல்லாத ஒன்று. 'செக் இஞ்சின்' விளக்கு நம் சின்னக் கார்களில் பரவியது 2000-ஐ ஒட்டி. பழுதுகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் நம் பரிசோதனை அந்த வேகத்தில் மாறவில்லை. மாருதி 800-க்காகப் பழகிய கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் கழித்து வந்த வண்டியைச் சோதிக்கிறோம். இந்த இடைவெளியில்தான் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் சேமிப்பு காணாமல் போகிறது. சில சமயம் பணத்தைவிடப் பெரிய விலையும் கொடுக்க வேண்டி வருகிறது.

இந்தக் கட்டுரை இந்தியச் சாலையில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக் கார்களைப் பற்றி மட்டும்தான்.

அரிசியில் கல்

முதலில் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார் சந்தையைப் பொருளாதாரப் பாடமாக மாற்றியவர் ஜார்ஜ் ஏகர்லாஃப். 1970-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையின் வாதம் எளிமையானது. விற்பவருக்கு வண்டியின் நிலை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் நடுவில் சராசரியாக ஒரு விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது மோசமான வண்டிகள். அது தெரிந்ததும் வாங்குபவர் விலையை இன்னும் குறைப்பார். கடைசியில் சந்தையே சீரழியும்.

இந்தக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. இரண்டு, இது மிகச் சாதாரண விஷயம் என்றன. ஒன்று, இது தவறு என்றது. நான்காவது இதழில்தான் வெளியானது. அதே கட்டுரைக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நமக்குச் சுவாரஸ்யமான விஷயம், அந்தக் கட்டுரையில் இந்தியா வருகிறது. ஏகர்லாஃப் 1967-68 காலத்தில் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். நம் வீட்டுப் பெண்கள் கடை அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்குவதை, அதுவும் அரிசியின் நிறத்திலேயே வேண்டுமென்று கலந்த கல்லைப் பொறுக்குவதை, அவர் உதாரணமாகக் குறிப்பிடுகிறார். பழைய கார் பார்ப்பதும் அதே வேலைதான். கல் எப்போதும் அரிசியின் நிறத்தில்தான் இருக்கும். எந்தக் காலத்தில் எந்த நிறத்தில் கல் கலந்தார்கள் என்று தெரிந்தால்தான் பொறுக்க முடியும்.

நோபல் கிடைத்த அதே 2001-இல்தான் மாருதி தன் 'ட்ரூ வேல்யூ' பழைய கார் கடைகளைத் தொடங்கியது. சோதித்து, உத்தரவாதம் கொடுத்து விற்பது. ஏகர்லாஃப் சொன்ன நோய்க்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்றும் இதுதான். ஆனால் தெருமுனைப் புரோக்கரிடமும் தெரிந்தவரிடமும் நேரடியாக வாங்குவது இன்றும் நிற்கவில்லை. அங்கே உத்தரவாதம் என்பது நம் கண்ணும் காதும்தான்.

1983: தகரம், அலுமினியம், முன்சக்கரம்

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை வாடிக்கையாளரிடம் கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. விலை 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின். முன்பதிவு செய்து காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதனால் ஆரம்ப வருஷங்களில் கைமாறும் மாருதிக்குப் புது வண்டி விலையைவிட அதிகம் கொடுத்தார்கள். பழைய கார் புதுக் காரைவிட விலை கூடுதல் என்ற விசித்திரம், உற்பத்தி குறைவாகவும் காத்திருப்பு நீளமாகவும் இருந்த லைசென்ஸ் காலத்தில் சகஜம். அப்படிப்பட்ட சந்தையில் யாரும் குறை பார்த்து வாங்கவில்லை. கிடைத்ததே பெரிது.

அந்தக் காரின் உள்ளே இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர் இஞ்சின். அதுவரை நம் சாலையில் இருந்த அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. மாருதி 800-இல் இஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுத்தது. 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் 'மினி' காரில் செய்து காட்டி உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு இது. சின்ன வண்டிக்குள் நாலு பேரை உட்கார வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சி.வி. ஜாயின்ட் வேண்டும். அதை மூடிக் காப்பது ஒரு ரப்பர் பூட். அந்த ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே போகும். மெல்ல ஜாயின்ட் தேயும். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டம் அடித்தால் 'கட கட கட' என்று சத்தம் வரும். இரண்டு பக்கமும் அப்படி ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது இன்றைக்கும், எந்தச் சின்னக் காருக்கும், பத்துப் பைசா செலவில்லாத நல்ல சோதனை.

அடுத்தது எடை. மாருதி 800 சுமார் 650 கிலோ. அம்பாசடர் ஆயிரம் கிலோவைத் தாண்டியது. எடை குறைந்ததால்தான் அந்தச் சின்ன இஞ்சினால் இழுக்க முடிந்தது, பெட்ரோலும் மிச்சமானது. அதற்குக் கொடுத்த விலை, மெல்லிய தகடு. மெல்லிய தகட்டுக்குத் துருதான் முதல் எதிரி. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு, முன்பக்க சஸ்பென்ஷன் மேலே வந்து சேரும் இடம், ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவை துரு பிடிக்கும் இடங்கள். துருப்பிடித்த இடத்தில் பட்டி அடித்து பெயின்ட் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. தகடு என்றால் கணீர் என்று கேட்கும், பட்டி என்றால் மொத்தென்று கேட்கும். சின்னக் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான், பட்டிமேல் ஒட்டாது. டெல்லியில் முதலாவதாகச் சாவி கொடுத்த அந்தக் காரே பிற்காலத்தில் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்துப் போயிருந்தது. பிறகு அதைச் சீரமைத்து நிறுவனத்தின் தலைமையகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது சூடு. இதில் பழுது பாதி என்றால் பழக்கம் பாதி. அம்பாசடரின் பழைய 1489 சிசி இஞ்சின் வார்ப்பிரும்பு. கொதித்தால் ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஒரு தலைமுறை டிரைவர்களுக்கு அதுதான் வாகனப் பராமரிப்பு. 1993-இல் வந்த மாருதி ஜென்னின் இஞ்சின் முழுக்க அலுமினியம். எடை குறைவு, ஓட்ட அருமை. ஆனால் அலுமினியத்துக்கு அந்தப் பழைய வைத்தியம் ஆகாது. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே அரிக்கும். ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். பிறகு கூலன்ட் ஆயிலில் கலக்கும். அனுபவசாலி ஆயில் மூடியில் தேடும் வெள்ளை நுரை அதுதான்.

இதில் ஒரு நுணுக்கம். மூடியின் அடியில் லேசான ஈரப்படலம், குளிர் நாட்களில் கிட்ட கிட்டவே ஓடும் வண்டியிலும் வரும். அதைப் பார்த்து ஓட வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து கலங்கி எண்ணெய் மிதந்தால்தான் ஓட வேண்டும். ரேடியேட்டர் மூடியை இஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து, உள்ளே பச்சையோ சிவப்போ கூலன்ட் நிறம் இருக்கிறதா, துருத் தண்ணீரா என்று பாருங்கள். முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை இதைவிட நேர்மையாக வேறு எதுவும் சொல்லாது.

இன்று நாம் செய்யும் சடங்கில் முக்கால்வாசி இந்தக் காலத்தில் உருவானது. அந்தக் காலத்துக் காருக்கு அது சரியான சடங்குதான்.

1998–2000: பெல்ட்டும் ஊசியும்

1998-இல் சந்தை திறந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. டேவூ மடிஸ் வந்தது. வருஷக் கடைசியில் டாடா இண்டிகா வந்தது. அதுவரை ஒரே கம்பெனி வண்டியைப் பழகிய தெருவோர மெக்கானிக்குக்கு ஒரே வருஷத்தில் மூன்று புது வண்டி.

இங்கே இரண்டு புதுப் பழுதுகள் பிறந்தன. ஒன்று இயந்திரப் பழுதே அல்ல. டேவூ 2000-இல் திவாலானது. மடிஸ் நல்ல வண்டிதான், ஆனால் கம்பெனி போன பிறகு பாகம் தேடி அலைய வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் மூடிக்கொண்டு போவதும் ஒரு பழுதுதான். பின்னாளில் ஷெவர்லே, ஃபோர்டு என்று இங்கே விற்பதை நிறுத்தியவர்களின் வண்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பதற்கும் இதுவே காரணம். மலிவு என்று எடுப்பதில் தப்பில்லை. பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சஸ்பென்ஷன் பாகங்கள் உங்கள் ஊரில் என்ன விலைக்கு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று முதலில் கடையில் விசாரித்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது டைமிங் பெல்ட். மாருதி 800-இலும் பெல்ட்தான், சான்ட்ரோவிலும் பெல்ட்தான். ஆனால் இந்த 90களின் கடைசியில்தான் வண்டிகள் பெல்ட்டின் ஆயுளைத் தாண்டி, கைமாறி, மூன்றாவது ஓனரிடம் ஓட ஆரம்பித்தன. பெல்ட் அறுவதற்கு முன்னால் புகை வராது, சத்தமும் பெரும்பாலும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென நிற்கும். வால்வும் பிஸ்டனும் மோதும் அமைப்புள்ள இஞ்சின் என்றால் பெரிய செலவு. இதைக் கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க முடியாது, சர்வீஸ் பில்லால்தான் முடியும். பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுவதுதான் நியாயம். மாருதியின் கே-சீரிஸ் இஞ்சின்களில் 2008 முதல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்தது. அதனால் எந்த மாடலில் எது இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த மாற்றத்தைச் செய்தது நீதிமன்றம். டெல்லியின் காற்று மாசு வழக்கில் 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, தலைநகர்ப் பகுதியில் புதுக் கார்கள் யூரோ தரத்துக்கு வர வேண்டிய தேதியை முன்னுக்கு இழுத்தது. 2000 ஏப்ரலில் நாடு முழுக்கப் புதிய மாசு விதிகள் அமலாயின. அதே வருஷம் பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. சின்னக் கார்களில் கார்புரேட்டரின் காலம் முடிந்து ஊசி மூலம் எரிபொருள் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. சான்ட்ரோ அதோடுதான் பிறந்தது. மாருதி 800-ம் மாறியது.

கார்புரேட்டர் கெட்டால் வண்டி இருமும், திணறும், புகைக்கும். எல்லாருக்கும் தெரியும். எம்.பி.எஃப்.ஐ.-இல் ஒரு சென்சார் கெட்டால் கணினி அதைச் சமாளித்து ஓட்டும். ஒரு விளக்கை மட்டும் எரிய வைக்கும். அந்த விளக்கை விற்பவர் பிடுங்கிவிட்டால்? அதனால்தான் சாவியை 'ஆன்' நிலையில் வைத்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், 'செக் இஞ்சின்' விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகம். ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகளுக்கும் இதே விதி. அவை தாமே சோதித்து, சில நொடிகளில் அணைய வேண்டும்.

2013-க்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது. போனில் பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். விற்பவர் நேற்றே அவற்றை அழித்திருந்தால்? அழித்தால் அதற்கும் தடயம் மிஞ்சும். இந்தக் கணினிகள் ஒவ்வொரு சுய பரிசோதனையும் முடிந்ததா இல்லையா என்று தனியாகக் குறித்து வைக்கும். பிழையை அழித்தால் அந்தக் குறிப்புகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். பல தடவை ஓட்டினால்தான் திரும்ப நிரம்பும். பிழை ஒன்றுமில்லை, ஆனால் ஒரு பரிசோதனையும் முடியவில்லை என்று காட்டினால், ஒன்று பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது யாரோ துடைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

கிலோமீட்டர் என்ற கதை

மீட்டரைக் குறைப்பது உலகம் முழுக்க உள்ள பழைய வித்தை. அமெரிக்கா 1972-இலேயே இதைக் கூட்டாட்சிச் சட்டம் போட்டுத் தடுத்தது. பழைய மீட்டரில் எண் எழுதிய உருளைகள், அவற்றைச் சுற்ற ஒரு கேபிள். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டலாம், உருளையைக் கையால் திருப்பலாம். ஆனால் எண்கள் ஒரே கோட்டில் நிற்காது, ஸ்க்ரூவில் கீறல் இருக்கும். பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

டிஜிட்டல் மீட்டர் வந்தபோது இனி இது முடியாது என்று பலர் நம்பினார்கள். என் தொழில் மென்பொருள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கிலோமீட்டர் எண் மீட்டருக்குள் இருக்கும் எட்டுக்கால் பூச்சி மாதிரியான ஒரு சின்ன நினைவகச் சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பின் ஒவ்வொரு அறையிலும் இத்தனை லட்சம் தடவைதான் எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதனால் எண்ணை ஒரே அறையில் எழுதாமல் பல அறைகளில் மாறி மாறி எழுதுவார்கள். இது தேய்மானத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு, திருட்டைத் தடுக்கச் செய்ததல்ல. எழுதும் முறை தெரிந்தவர் அந்த அறைகள் அனைத்தையும் ஒரு கருவியால் சில நிமிடங்களில் மாற்றி எழுதலாம். உருளையில் கோணல் தெரிந்தது. இதில் கீறல்கூட இல்லை. புது நுட்பம் மோசடியைக் குறைக்கவில்லை, சுத்தமாக்கிக் கொடுத்தது.

எனவே மீட்டரைப் பார்க்காமல் மற்றதைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறதா? ஸ்டியரிங் உறை, கியர் குமிழ், டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் எப்படி இருக்கின்றன? டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம் தயாரானது. 2014 வண்டி, மீட்டரில் 25,000 கிலோமீட்டர், டயரோ 2018 என்றால் முதல் செட் டயர் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்ற கேள்விக்கு நல்ல பதில் வர வேண்டும். எல்லாவற்றையும்விட நம்பகமானது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவான பழைய சர்வீஸ் வரலாறு. ஒவ்வொரு வருகையிலும் கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். விற்பவர் சம்மதத்தோடு கேட்டால் பார்க்கலாம். சம்மதிக்கத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

தண்ணீர் ஏறிய வண்டிகள்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. 2015 டிசம்பரில் சென்னை. இரண்டு முறையும் தரைத்தளத்தில் நின்ற கார்கள் மூழ்கின. முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்துவிட்ட வண்டிகள் பழைய இரும்புக்கு மட்டும் போவதில்லை. ஏலத்தில் எடுத்து, காயவைத்து, கழுவி, வேறு ஊரில் விற்பதும் நடக்கிறது.

நின்ற நிலையில் மூழ்கிய வண்டியின் இஞ்சின் பிழைக்கலாம். மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்த வண்டி பிழைப்பது கடினம். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டன் தண்டு வளையும். ஆனால் நீண்ட காலத்துக்குத் தொல்லை தருவது வயரிங். கார்புரேட்டர் காலத்து வண்டியில் நனைந்து கெட வயர்கள் கொஞ்சம்தான். 2010-க்குப் பிந்தைய வண்டியில் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் கனெக்டர்கள். அவை உடனே கெடாது. ஆறு மாசம் கழித்துப் பச்சை பூத்து, ஒரு நாள் பவர் விண்டோ, ஒரு நாள் ஸ்டியரிங், ஒரு நாள் வண்டியே என்று ஒவ்வொன்றாக நிற்கும்.

சோதனை இது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு இருந்தால் அங்கே தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். வண்டிக்குள் நனைய வாய்ப்பே இல்லாத இடத்தில் துரு இருந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

யாரும் தட்டிப் பார்க்காத பழுது

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்ட சோதனை முடிவுகளை வெளியிட்டது. ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜியம். அதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. ஃபிகோ, போலோ இரண்டின் உடல்கூடு நிலையாக நின்றது. மற்ற மூன்றின் கூடு தாக்குப்பிடிக்கவில்லை. ஏர்பேக் வைத்த போலோவை மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதாவது கூடு நன்றாக இருந்தால் ஏர்பேக் காப்பாற்றும். கூடு மடிந்தால் ஏர்பேக் மட்டும் போதாது.

அதன் பிறகுதான் விதிகள் வேகம் பிடித்தன. 2019-இல் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ்., டிரைவர் பக்க ஏர்பேக், மோதல் சோதனை ஆகியவை கட்டாயமாயின. இன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் சின்னக் கார்களில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்கு முந்தையவை. இஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடலாம், பெயின்ட் மின்னலாம், மெக்கானிக் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அந்தக் குறை அப்படியேதான் இருக்கும். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதோடு, அடிபட்டுச் சரிசெய்த வண்டி என்றால் இருந்த கூடும் பலவீனமாகியிருக்கும். பானட்டைத் திறந்து இருபுறமும் உள்ள ஏப்ரனைப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் என்றால் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமான பள்ளங்கள் இருக்கும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த வரிசை உடையும். பானட், ஃபென்டர் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு ஃபென்டர் மாற்றியது பெரிய விஷயமில்லை, சென்னை டிராஃபிக்கில் அது யாருக்கும் நடக்கும். ஏப்ரனும் தூண்களும் வளைந்து நிமிர்ந்த வண்டியை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே பட்ஜெட்டில் ஏர்பேக் இல்லாத புதிய மாடலும், இரண்டு ஏர்பேக் உள்ள மூன்று வருஷம் பழைய மாடலும் கிடைத்தால், நம் ஊரில் பெரும்பாலும் புதியதைத்தான் எடுக்கிறோம். மீட்டரும் பளபளப்பும் கண்ணுக்குத் தெரிவதால்தான். நான் பழையதை எடுக்கச் சொல்வேன்.

காகிதப் பழுது

கடைசியாக ஆர்.சி. புத்தகம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதுதான். 'ஓப்பன்' ஆக 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு புரோக்கர் கைக்குக் கை மாற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்று விற்பவரும் புரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குபவர் பக்கம் பார்க்க வேண்டியவை: கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும். வேறு மாநில வண்டி என்றால் 28-ஆம் படிவ என்.ஓ.சி. டெல்லிப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்த பிறகு அங்கிருந்து வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு நிறைய வந்தன. அப்படிப்பட்ட மலிவு வண்டியில், இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு காணாமல் போகலாம். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உங்கள் வண்டிக்கான சேதத் தொகை கேட்கும்போது சிக்கல் வரும். ஆர்.சி.-இல் உள்ள சேஸிஸ், இஞ்சின் எண்களை வண்டியில் பொறித்த எண்களோடு நீங்களே ஒப்பிடுங்கள், புரோக்கர் வாசிக்க நீங்கள் தலையாட்ட வேண்டாம்.

எந்த வரிசையில் பார்ப்பது

நண்பர்கள் வண்டி பார்க்கக் கூப்பிட்டால் இப்போது நான் சடங்கைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் காகிதம். வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், பாதி வண்டிகள் அங்கேயே கழிந்துவிடும். இரண்டாவது, அந்த மாடலில், அந்த வருஷத்தில் என்னென்ன பாதுகாப்பு இருந்தது என்பது. மூன்றாவது, கூடு: ஏப்ரன், தூண், தரை. நான்காவது, தண்ணீர் ஏறியதா. ஐந்தாவது, விளக்குகளும் ஸ்கேனரும். அதன் பிறகுதான் ஆயில் மூடி, புகை, வட்டம் அடிப்பது, கிளட்ச். வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்வது நாம் போன பிறகு, இஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவேன்.

இந்த வரிசைக்குக் காரணம் எளிது. கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், சி.வி. ஜாயின்ட், பேட்டரி எல்லாம் பணத்தால் சரியாகிவிடும், விலையில் கழித்துப் பேசலாம். கூடு, வெள்ளம், காகிதம் மூன்றும் பேரத்தில் அடங்காது. தெருமுனை மெக்கானிக்கின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் காது கண்டுபிடிப்பதை என் ஸ்கேனர் கண்டுபிடிக்காது. அவரைக் கடைசியில் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்குள் அவர் பார்க்கத் தகுதியான வண்டி எது என்று நாம் முடிவு செய்திருக்க வேண்டும்.